கூரைக்கு முன்னால் வந்த நிழல்

கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள் காலை, பட்டணத்துக்கு மின்சார ரயில் பிடிக்கிற ஜனங்கள் வழக்கம்போல் முந்தானையையும் செய்தித்தாளையும் டிபன் டப்பாவையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு புளியங்கரணை ஸ்டேஷனுக்கு வந்தபோது, முதலாம் பிளாட்பாரத்தில், பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில், அரைப் பெட்டி நீளத்துக்கு ஒரு கூரையின் நிழல் விழுந்திருந்தது. கூரை இல்லை. நிழல் மட்டும் இருந்தது. ஜனங்கள் போய் அதில் நின்றுகொண்டார்கள்.

முதலில் கூடையை இறக்கியவள் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற கன்னியம்மா. இறக்கிவிட்டு "அப்பாடா" என்றாள். அவள் பின்னால் காலேஜ் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ஆயாக்கள், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓடிவரும் கம்பெனி ஆட்கள் என்று, தண்ணீர் பள்ளம் தேடிப் போவது மாதிரி எல்லாரும் அந்த நிழலுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். விளிம்பில் நின்றவர் உள்ளே நின்றவரை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். உள்ளே நின்றவர் "இதுக்கு மேல எங்க தள்றது" என்றார். ரயில் வந்தது, ஏறினார்கள், போனார்கள். நிழல் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தது மரகதம் ஒருத்திதான். மேலே வானம் இருந்தது, வானத்தில் சூரியன் இருந்தது, நடுவில் ஒரு தகரத் துண்டுகூட இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

புளியங்கரணைப் பயணிகள் சங்கத்துக்கு மரகதம்தான் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் வராததால் செயலாளர். பிளாட்பாரத்துக்குக் கூரை வேண்டும் என்று அவள் வருஷக்கணக்காக எழுதிய மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், அந்த அடுக்கின் நிழலிலேயே நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கலாம். எழுதி, நேரில் போய், அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார் என்று திரும்பி வந்து, மறுபடி எழுதி, எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகி, கடைசியில் போன தை மாதம்தான் ரயில் இலாகா மனம் இரங்கி, பிளாட்பாரத்தின் ஓரத்தில் இரும்புத் தூண்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. மழைக்கு முன்னால் கூரை ஏறிவிடும் என்றார்கள். மரகதம் தினமும் ரயிலுக்கு நிற்கும்போது அந்தத் தூண்களில் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொள்வாள்.

ஊருக்காகத்தான் அவள் இந்தப் பாடு பட்டாள் என்று சொன்னால் அது பாதிப் பொய். அவளுக்குக் கூரை வேண்டியிருந்தது புருஷன் தெய்வசிகாமணிக்காக. ஆயுசில் பாதியை பஸ் படிக்கட்டில் நின்றே கழித்த கண்டக்டர் அவர். ரிட்டையர் ஆன கையோடு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவரைக் கைத்தாங்கலாக ரயிலேற்றிக் கொண்டுபோய், அங்கே கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, மரகதம் தான் பில் போடும் ஜவுளிக்கடைக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு திரும்புவாள். டிக்கெட் கொடுக்கிற கட்டடத்துக்குக் கூரை உண்டு, ஆனால் அது மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். ரயில் வருகிறது என்று தெரிந்தபின் அங்கிருந்து படியேறி இறங்கி வந்து சேர அவரால் ஆகாது. அதனால் முன்கூட்டியே வந்து, திறந்த பிளாட்பாரத்தில் நின்றுதான் ஆகவேண்டும். போன ஐப்பசியில் அப்படி நின்றபோது ஏரிப் பக்கத்திலிருந்து அடித்த மழையில் குடை மடங்கிப்போய், அவர் தொப்பலாக நனைந்து, சளி நெஞ்சில் இறங்கி, ஆள் பிழைத்ததே பெரும்பாடு. "இன்னொரு தரம் இப்படி நனைஞ்சா நெஞ்சு தாங்காதும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் மரகதத்தின் காதில் ரயில் போன பிறகும் கேட்கிற தண்டவாளச் சத்தம் மாதிரி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே, தூண்கள் தரையில் கிடக்க, நிழல் மட்டும் வந்து நின்ற அன்று, அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். இதை யாராவது கூரை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆவது?

எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் புளியங்கரணை அந்த நிழலோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டது. நிழலில் கூரைக்கு மட்டுமல்ல, அதைத் தாங்கும் தூண்களுக்கும் வடிவம் இருந்தது. ஜனங்கள் தூணின் நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள், மிதித்தவரை முறைத்தார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒருவர் தூணின் நிழலில், அதாவது தரையில், பசை தடவி ஒட்டினார். போகிறவர்கள் எல்லாரும் செத்தவர் முகத்தைக் குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் வேறெங்கும் துப்பாமல் தூணின் நிழலாகப் பார்த்துத் துப்பினார்கள். நிழலுக்குள் இடம் பிடிக்கக் கைக்குட்டை போடுகிற பழக்கம் வந்தது, அதன்பின் கைக்குட்டையைத் தள்ளிவிட்டு உட்காருகிற பழக்கமும் வந்தது.

குறை சொல்வதிலும் குறை வைக்கவில்லை. தூண்கள் ஒன்று போல இல்லையாம். ஒன்று ஒல்லி, ஒன்று பருமன், ஒன்று கோணல், காண்டிராக்டர் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான் என்றார்கள். கூரையில் அங்கங்கே அரைவட்டமாக ஓட்டைகள் இருந்தன. அவற்றின் வழியே வெயில் பிறை பிறையாகத் தரையில் விழுந்தது. புதுக் கூரையில் அதற்குள் ஓட்டையா என்று அங்கலாய்த்தார்கள். ஒரு தூணின் உச்சியில் மட்டும் தொட்டி மாதிரி ஏதோ தெரிந்தது. குடிதண்ணீர்த் தொட்டி வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். விளிம்பு நெடுக வரிசையாகப் புறாக்கள் உட்கார்ந்திருந்தன, அதாவது புறாக்களின் நிழல். அவ்வப்போது லேசாக அசையும், பறப்பதே இல்லை. கன்னியம்மா தினமும் ஒரு பிடி பொரியை அந்த விளிம்போரம் இறைத்துவைத்தாள். அதைக் காக்கைகள் தின்றன.

"மேல ஒண்ணுமே இல்லடி, நிமிந்து பாரு!" என்றாள் மரகதம்.

"மேல பாத்தா கண்ணு கூசுதுக்கா," என்றாள் கன்னியம்மா. "கீழ சில்லுனு இருக்குது. உனக்கு இன்னா வோணும்?"

வீட்டிலும் அவளுக்கு ஆதரவு இல்லை. வெயிலில் நிற்க முடியவில்லை, இனி டயாலிசிஸே வேண்டாம், விட்டுவிடு என்று பங்குனியிலிருந்து அடம்பிடித்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி, நிழல் வந்த நாளிலிருந்து தானே எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டு, பருமனான தூணின் நிழலோரம் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ஊர்க்கதை பேசினார்.

"எங்க டிப்போல கேட்டுக் கேட்டு ஒரு பெஞ்சு கூட வரல. உனக்கு நிழலே வந்துருக்கு. இருக்கறத அனுபவி, மரகதம்."

"ஐப்பசில மழை பெஞ்சா இந்த நிழல் தடுக்குமா?"

"ஐப்பசி வரைக்கும் நான் இருந்தா அப்ப பாத்துக்கலாம்," என்று சிரித்தார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த நிழலைக் கும்பிடுவதா, சபிப்பதா என்று தெரியாமல் அன்று முழுக்கக் கடையில் ஒருத்தி புடவையை இன்னொருத்தி பில்லில் ஏற்றினாள்.

இந்த நிலையில்தான் சங்கத் தலைவர் தணிகாசலத்துக்கு ஒரு யோசனை உதித்தது. தணிகாசலம் நல்ல மனுஷர். குட்டையாக, பருமனாக, எந்நேரமும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருப்பார். அவருக்கு இருந்த ஒரே வியாதி விழா. யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் ஒரு மாதம் போனால் அவருக்குக் கை நடுங்கும். கூரை வேலைக்குப் பொறுப்பான என்ஜினியர் சத்தியசீலனைக் கூப்பிட்டு, நிழல் தந்ததற்காகப் பாராட்டு விழா எடுப்பது என்று அவர் முடிவு செய்தார்.

"ஐயா, அவரு எதுவுமே கட்டலையே!" என்று கத்தினாள் மரகதம்.

"கட்டினாரோ இல்லையோ, அவரு பொறுப்புல இருக்கும்போதுதான வந்துச்சு? நாலு பேரு முன்னால ஒரு சால்வை போட்டா மனுஷன் உருகிடுவாரு. அடுத்தது கழிப்பறை கேக்கலாம்."

"தூண் இன்னும் தரையில கிடக்குதுய்யா. விழா எடுத்தா, வேலை முடிஞ்சதுன்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்கம்மா. மரியாதை செஞ்சவங்களுக்கு யாராவது கெடுதல் நினைப்பாங்களா?"

நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொன்னார். 'நிழல் தந்த நாயகரே, வருக வருக' என்ற எழுத்துக்கு நடுவே சத்தியசீலன் ஒரு வண்டிச் சக்கரம் அளவு முகத்தோடு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நிழலில் நாற்காலி போட்டிருந்தது. அவர் ஒரு தரம் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், ஒரு தரம் குனிந்து தரையைப் பார்த்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, தணிகாசலம் பொன்னாடையை விரித்துவிட்டார், போட்டோ எடுத்துவிட்டார்கள். ஊரே கைதட்டிப் போர்த்திய பொன்னாடையைத் தோளில் வைத்துக்கொண்டு, நான் அந்த வேலையைச் செய்யவில்லை என்று சொல்ல எந்த மனுஷனுக்கு மனசு வரும்? "என் கடமையைத்தான் செய்தேன்" என்று அவர் இரண்டு நிமிஷம் பேசினார்.

அடுத்த வாரமே ஒரு லாரி வந்து தூண்களை அள்ளிக்கொண்டு போனது. மரகதம் கடைக்கு லீவு போட்டுவிட்டு சத்தியசீலன் ஆபீசுக்கு ஓடினாள்.

"கூரைதான் இருக்கேம்மா," என்றார் அவர், ஃபைலில் இருந்து கண்ணை எடுக்காமல். "நானே அதுக்குக் கீழ நின்னேன். போட்டோ வச்சு, வேலை முடிஞ்சதுன்னு மேல அனுப்பியாச்சு."

"மேல ஒண்ணும் இல்ல சார். ஒரு தடவை நிமிந்து பாருங்க சார்."

"மேல பாக்கறது வேற செக்‌ஷன்மா."

அவள் அன்று ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் நிழலில் சுகமாக உட்கார்ந்து பேன் பார்க்காத குறையாக இருந்தார்கள். தூண் கிடந்த இடத்தில் மஞ்சள் பூத்த புல் மட்டும் நீளநீளமாகத் தெரிந்தது. "நல்லா இருங்க," என்றாள் எல்லாரையும் பார்த்து. "ரொம்ப நல்லா இருங்க."

ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாசி போனது. ஐப்பசி பிறந்ததும் வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாவிட்டால் நிழல் ஏது? பிளாட்பாரம் பழையபடி வெறும் சிமெண்டுத் தரையாகக் கிடந்தது. ஆனால் பழக்கம் பாருங்கள், தூறல் விழுந்தாலும் ஜனங்கள் நிழல் இருந்த இடத்திலேயே போய், தூண்களின் நிழல் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த விளிம்பைத் தாண்டாமல் வரிசையாக நின்று நனைந்தார்கள். வெளியே நிற்கிறவரை "உள்ள வாங்க, ஏன் நனையறீங்க" என்றுகூட ஒருவர் அழைத்ததை மரகதம் காதால் கேட்டாள். கேட்டுவிட்டு, சுவரில் முட்டிக்கொள்ளலாமென்றால் அந்தப் பிளாட்பாரத்தில் சுவர்கூட இல்லை.

அவள் பயந்த மழை ஒரு டயாலிசிஸ் நாளன்று வந்தது. புருஷனைப் பிளாட்பாரத்தில் உட்காரவைத்த நேரம் பார்த்து ஏரிப் பக்கம் கறுத்தது. முதல் காற்றிலேயே குடை மடங்கிப் பூவாக விரிந்தது. பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினாள், அதைக் காற்று பிடுங்கிக்கொண்டு தண்டவாளத்தில் எறிந்தது. ஒலிபெருக்கி, பயணிகளின் கனிவான கவனத்தை வேண்டி, ரயில் தாமதமாக வரும் என்றது. முந்தின டயாலிசிஸ் விட்டுப்போயிருந்தது. இன்றும் திரும்பிப் போனால் மூச்சு முட்டிவிடும். இருந்தால் நனைவார். தெய்வசிகாமணி அவள் முந்தானைக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டார். அவர் தோள் நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். ஸ்டேஷனின் இந்தப் பக்க வாசலில், இன்னும் யாரும் கழற்றாத ஃபிளெக்ஸில், சத்தியசீலன் சிரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு மழையிலும் அந்த முகத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை, வழுக்கி ஓடியது. மரகதத்துக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, ஓடிப்போய் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, அந்த நாயகரை ஆணியோடு பிடுங்கித் தரதரவென்று பிளாட்பாரத்தில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்களே, பிடிங்க!" என்று அலறினாள். "அந்த முனையைப் பிடிங்க! கைய மேல தூக்குங்க! செத்தா மாலை போட மட்டும் வந்துடுவீங்க இல்ல!"

பிடித்தார்கள். காலேஜ் பெண்கள் ஒரு பக்கம், ஆயாக்கள் ஒரு பக்கம், கம்பெனி ஆட்கள் நடுவில் என்று கையைத் தூக்கி விளிம்பை மடித்துப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. கன்னியம்மா வெள்ளரிக்கூடையைத் தலையில் வைத்து உள்ளேயிருந்து முட்டுக்கொடுத்தாள். "ஐயோ, சாரோட முகம் கசங்குதே" என்று பதறிய தணிகாசலமும் மரகதம் பார்த்த பார்வையில் ஓடிவந்து, குட்டைக் கையை எட்டும்வரை எக்கித் தூக்கி, ஓர் ஓரத்தைப் பிடித்தார். அடியில், ஒரே ஒரு கோணிப்பையின் மேல், தெய்வசிகாமணி நனையாமல் உட்கார்ந்திருந்தார்.

ரயில் வரவில்லை. கைகள் கடுத்தன, மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், யாரும் விடவில்லை. அப்போது மழை விடாமலே கிழக்கே மேகம் கிழிந்து வெயில் அடித்தது.

"நரிக்குக் கல்யாணம்," என்றார் தெய்வசிகாமணி. அப்புறம், "மரகதம், எப்பவும் மேலயே பாக்கறியே, ஒரு தரம் கீழ பாரு" என்றார்.

குனிந்து பார்த்தாள். தரையில் நிழல் விழுந்திருந்தது. ஒல்லித் தூண், கோணல் தூண், பருமனான குட்டைத் தூண். உச்சியில் தொட்டி வைத்த தூண். காற்று போவதற்காக ஃபிளெக்ஸ்காரன் அரைவட்டமாகக் கிழித்துவிட்டிருந்த இடங்களில் எல்லாம் பிறை பிறையாக வெயில். விளிம்பு நெடுக வரிசையாகப் புறாக்கள். ஒரு புறா லேசாக அசைந்தது; நிமிர்ந்து பார்த்தால், தணிகாசலம் மரத்துப்போன விரலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

கத்திரி முழுக்க ஊரே யாருடைய நிழலில் உட்கார்ந்திருந்தது என்று மரகதத்துக்கு அப்போது விளங்கியது. எந்த வண்டியும் நேரத்துக்கு வராத ஊரில் நிழல் ஒன்றுதான் முன்கூட்டி வந்திருந்தது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். மழைத்தண்ணீர் முழங்கை வழியாக ஓடி இடுப்பு வரை நனைந்து நின்றிருந்தார்கள். அழுதுவிடுவாள் போல இருந்தது. அழவில்லை, கோபம்தான் வந்தது.

"என்ன சிரிக்கறீங்க?" என்றாள் புருஷனிடம். "இவங்களுக்குக் கை வலிக்கும். இரும்புத் தூணுக்கு வலிக்காது. எனக்கு இரும்புதான் வேணும்."

ரயில் வந்தது. காய்ந்த சட்டையோடு அவர் ஏறினார்.

மறுநாள் வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்தது. பிளாட்பாரத்தில் நிழல் இல்லை. வந்த வேலை முடிந்ததென்று போய்விட்டது போலும். ஜனங்கள் கையில் கைக்குட்டையோடு தரையைப் பார்த்து நின்றார்கள். கன்னியம்மா பொரியை எங்கே இறைப்பது என்று தெரியாமல் விழித்தாள். மரகதம் மட்டும் வருஷக்கணக்கில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். தணிகாசலத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு சத்தியசீலன் ஆபீசுக்குப் போனாள்.

"சார், எங்க கூரையைக் காணோம்."

"என்னது?"

"கூரை சார். நீங்க கட்டினது. நீங்களே கீழ நின்னீங்களே, போட்டோ இருக்குதே. நேத்து இருந்துச்சு, இன்னிக்குக் காலைல காணோம். உங்க பொறுப்புல இருந்த பொருளு. போலீசுக்குப் போகறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

சத்தியசீலன் ஃபைலை மூடினார். நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கே தெரியும். அது... கூரைன்னு சொல்ற மாதிரி..."

"கூரையே இல்லைங்கறீங்களா சார்? சரி. அப்ப பொன்னாடையைத் திருப்பிக் குடுத்துடுங்க. தலைவர் வந்திருக்காரு. அதே மாதிரி ஞாயித்துக்கிழமை, அதே பிளாட்பாரத்துல, நாதஸ்வரம் வச்சு வாங்கிக்கறோம்."

தணிகாசலத்தின் முகம் வெளிறியது. போர்த்தியதைத் திரும்ப வாங்குகிற விழாவை அவர் கனவிலும் நினைத்ததில்லை. சத்தியசீலன் முகம் அதைவிட வெளிறியது.

அந்த வாரமே லாரி திரும்பி வந்தது. அதே தூண்களைத்தான் இறக்கினார்கள். வேலை நடந்த நாளெல்லாம், டயாலிசிஸ் நாளில் மழை வந்தால், யாரும் கூப்பிடாமலே ஃபிளெக்ஸைப் பிரித்துத் தலைக்கு மேல் பிடித்தார்கள். மரகதம் அவர்களையும் திட்டிக்கொண்டு, தூண் நடுகிறவர்களையும் திட்டிக்கொண்டு நின்றாள். கார்த்திகை முடிகிற சமயம் கூரை ஏறியது.

அன்று காலை தெய்வசிகாமணி புதுத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா கூடையை இறக்கி "அப்பாடா" என்றாள். தணிகாசலம் மடிப்புக் கலையாத சட்டையில் வேகவேகமாக வந்தார்.

"மரகதம்மா, பெரிய விழாவா எடுத்துடணும். சாருக்கு இந்தத் தடவை ஆளுயர மாலை. ஃபிளெக்ஸ் இதைவிடப் பெருசா..."

மரகதம் முதலில் நிமிர்ந்து பார்த்தாள், தகரம் இருந்தது. பிறகு குனிந்து பார்த்தாள்; நிழல் இருந்தது, தூண்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன, விளிம்பில் புறா எதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று ஓட்டை தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் நழுவியிருந்த துண்டைச் சரிசெய்தாள்.

"முதல்ல ஒரு மழை பெய்யட்டும்," என்றாள்.